குஞ்சு தங்காத குளம்

"ஆத்துலருந்துதான் எடுக்கணும். அவ சொல்லிட்டுப் போயிருக்கா, நான் எங் காதால..."

"ஆறு கெடக்கு ரெண்டு மைலுக்கு அங்கிட்டு! ஈரச்சேலையோட எவ நடப்பா? நம்ம வீட்டு நீர்மால என்னைக்கும் கொளத்து..."

"நான் நடப்பேன். நான் ஒருத்தி நடந்தாப் போதும்லா?"

"ஏட்டி, பையப் பேசு. பட்டாசல்ல சனம் இருக்கு."

"இருக்கட்டும். கேக்கட்டும். ஊரு கேக்கணும்னுதான அவ அப்பிடிச் சொன்னா!"

வைத்தியலிங்கம் அடுக்களை நிலையில் ஒரு கையை ஊன்றி வழியை மறித்துக்கொண்டு நின்றார். பிரம்மநாயகி உள்ளே, சாம்பல் அள்ளாத அடுப்புக்குப் பக்கத்தில், இடுப்பில் வெறும் குடத்தோடு நின்றாள். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. அதனால் அடுக்களைப் பக்கம் யாரும் வரமாட்டார்கள். புருசனும் பெண்டாட்டியும் சண்டை போட அன்றைக்கு அந்த வீட்டில் மிச்சமிருந்தது அந்த ஒரு இடம்தான்.

முன்கூடமான பட்டாசலில் அவள் அக்கா சொர்ணாம்பாள் தெற்கே தலைவைத்துக் கிடந்தாள். விடிய, பால் கறக்கிற நேரத்துக்கு உயிர் பிரிந்திருந்தது. நெற்றியில் பெரிய குங்குமம், தலைமாட்டில் குத்துவிளக்கு. 'தாலியோட போறா மகராசி' என்று வருகிற பெண்களெல்லாம் அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். உயிரோடு இருந்தபோது அதே பெண்கள் அவளைக் கண்டால் பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டு போனவர்கள்.

அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் வாக்கப்பட்டவர்கள். அண்ணன் காந்திமதிநாதனுக்கு மூத்தவள், தம்பி வைத்தியலிங்கத்துக்கு இளையவள். பிறந்த வீட்டிலும் ஒரே பாய், புகுந்த வீட்டிலும் ஒரே அடுப்பு.

வாசலிலிருந்து குரல் வந்தது.

"ஐயா, மேல பிடிக்க வெள்ளத்துணி வந்தாச்சு. நீர்மாலைக்குப் பொறப்படலாமா? எங்கன போகணும்னு சொன்னா சங்கை ஊதிருவேன்."

ஊர்க் குடிமகன் பூதலிங்கம். சவரக்கத்திக்கும் சாவுச் சங்குக்கும் அவனிடம் ஒரே பைதான். செத்தவரைக் குளிப்பாட்டச் சொந்தக்காரர்கள் சங்கு முழங்கப் போய்க் குடத்தில் எடுத்துவரும் நீருக்குத்தான் நீர்மாலை என்று பேர். அந்த ஊரில் அது குளத்துப் படித்துறையில்தான். அப்பன் காலம் தொட்டு அவன் ஒரு சாவிலும் 'எங்கன' என்று கேட்டதில்லை.

"பாத்தியா? கேக்கான்!" என்றார் வைத்தியலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு. "நீதான் எவகிட்டயோ வாய விட்டிருக்க."

"நான் விடல. அக்கா விட்டிருப்பா. சாகப்போறவளுக்கு ஆருட்ட பயம்?"

"ஏட்டி, ரோசிச்சுப் பாரு. ஆத்துக்குப் போனா ஊரு என்ன சொல்லும்? அவன் வீட்டுப் பொணத்துக்கே அவன் அந்தத் தண்ணிய ஊத்தலன்னு சொல்லும். நாளைக்கே பட்டறைய மூடுன்னு வந்து நிப்பானுக. நம்ம மக கோமு கல்யாணம் தையில. பாத்திரக்கடைக்காரன் பட்டறையப் பாத்துத்தான் பொண்ணு கேட்டான். உன் மொகத்தப் பாத்தா கேட்டான்?"

"என் மொகத்தப் பாத்து நீங்க வந்ததே பெருசுல்லா."

வேறு நாளாக இருந்தால் அவர் சிரித்திருப்பார். அவளுடைய அந்த வாய்க்காகத்தான் அவளைக் கட்டினேன் என்று பத்துப் பேர் நடுவில் சொல்கிறவர்தான். இன்றைக்கு நிலையில் ஊன்றிய கையை எடுக்கவில்லை.

பட்டறை வந்தது மணியாச்சி ஸ்டேஷனில் கலெக்டரைச் சுட்ட வருசம். பேட்டைக்கு மேற்கே, வாய்க்கால் கரையில், கூரை போட்டு நாலு உலை வைத்தார் வைத்தியலிங்கம். தூத்துக்குடியில் கப்பலிறங்கிய செப்புத் தகடு ரயிலேறி வந்தது. தகட்டை உலையில் காய்ச்சி அடித்தால் கறுத்துப் போகும். கறுப்புப் போகத் திராவகத்தில் முக்கி எடுத்து, வாய்க்காலில் அலசுவார்கள். அலசினால் தகடு மணப்பெண் மாதிரி மின்னும். அலசிய தண்ணீர் வாய்க்காலோடு போகும். வாய்க்கால் எங்கே போகும்? குளத்துக்குத்தான் போகும்.

ஆனியில் ஆற்றுத் தண்ணீரைத் திறந்துவிட்டதும் குளம் பெருகியது. அந்த வருசம் தண்ணீரில் லேசாக ஒரு நீலம். மயில் கழுத்தை முக்கி எடுத்தது போல. ஊரே படித்துறையில் நின்று பார்த்தது. பயந்தா பார்த்தது? கும்பிட்டுப் பார்த்தது.

"தாமிரபரணின்னு சும்மாவாலே பேரு வச்சான்?" என்றார் காந்திமதிநாதன். அவருக்குத் தேவாரமும் தெரியும், கொஞ்சம் மூலிகையும் தெரியும். "தாமிரம் எறங்கியிருக்கு! நம்ம கொளத்துல வந்து எறங்கியிருக்கா தாயி!"

மறுநாளிலிருந்து விடியுமுன்னே எழுந்து போய், படித்துறையில் ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு வந்து பெண்டாட்டியிடம் நீட்டினார்.

"குடி. வகுத்துப்புண்ணு ஆறும். தாமிரம் ஒடம்புக்குப் பலம்."

"வாயில வச்சா துட்டை நக்குனாப்புல இருக்கே."

"பலம்னா அப்பிடித்தான் இருக்கும். வேப்பங்கொழுந்து இனிக்கவா செய்யுது?"

சொர்ணாம்பாள் குடித்தாள். பலத்துக்காகக் குடிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் கைக்கு அவர் எதையும் கொண்டுவந்து கொடுத்ததில்லை. இதைக் கொடுத்தார். அதனால் குடித்தாள். தெருப் பெண்கள் கைப்பிள்ளைகளுக்கும் சங்கில் ஊற்றிப் புகட்டினார்கள். அந்த மாசமே பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டபோது எல்லோரும் மாம்பழத்தைத்தான் சொன்னார்கள்.

மீனைப் பற்றி முதலில் பேசியவள் சொர்ணாம்பாள்தான்.

சைவ வீடு. அந்த அடுப்பு மீன் வாடையே அறியாது. ஆனால் தினமும் சாயங்காலம் ஒரு ஓலைக் கொட்டானில் தவிட்டை எடுத்துக்கொண்டு படித்துறைக்குப் போவாள். பெற்ற பிள்ளை எதுவும் அவளுக்குத் தங்கவில்லை. கடைசியாகப் பெற்றது குப்புற விழுகிற மட்டும் இருந்து, ஒரு காய்ச்சலில் போனது. அதற்கப்புறம் ஏற்பட்ட பழக்கம் அது. கடைசிப் படியில் குத்தவைத்து, இரண்டு தட்டுத் தட்டுவாள். கெண்டையும் கெளுத்தியும் மொய்த்துக்கொண்டு வரும். விரால் தன் குஞ்சுகளை ஓட்டிக்கொண்டு வரும். செக்கச்செவேல் என்று மிளகாய்ப் பழத்தை அள்ளிப் போட்ட மாதிரி குஞ்சுகள் மேலே மிதக்க, தாய் அடியில் நின்று காவல் காக்கும்.

"வரிசையா வாங்கலே! பந்திக்கு முந்துத பயலுவளப் பாரு. ஏ மூக்கா, நேத்தும் நீதான தின்ன? தங்கச்சிக்கு விடு."

"யார்ட்ட பேசுதிய மதினி?" என்று துணி துவைக்கிறவர்கள் கேட்பார்கள்.

"எம் பிள்ளையள்ட்ட. நீ உம் பிள்ளையள்ட்ட பேசும்போது நான் கேட்டனா?"

பட்டறை வந்த மறு ஆனியில், தட்டினாள். பெரிய மீன் வந்தது. குஞ்சுகள் வரவில்லை. ஓரத்தில் கோரைக்கிடையில் தலையை மேலே நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றன. உடம்பில் வெள்ளையாகச் சளி போலப் படிந்திருந்தது. சில ஒருக்களித்துச் சுற்றின. பிழைத்துக் கிடந்த ஒன்றிரண்டுக்கு முதுகு வளைந்திருந்தது. ஒன்றை உள்ளங்கையில் தண்ணீரோடு ஏந்தி வீட்டுக்கே கொண்டுவந்து விட்டாள்.

"ஏ பிரம்மு, இங்க பாரு. பொறந்து கண்ணு முழிக்கல, அதுக்குள்ள கூனு. கெழவியாட்டம் இருக்கு பாரு."

"சைவ வீட்டுக்குள்ள மீனைக் கொண்டாரியேக்கா."

"குஞ்சுட்டி. குஞ்சு மீனு ஆகாது. வளந்தாத்தான மீனு."

அது வளரவில்லை. விடியுமுன் உள்ளங்கை அளவு தண்ணீரில் மல்லாந்தது.

அப்புறம் வருசா வருசம் அதுதான். குளத்தில் மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் படித்துறைப் பிள்ளையார் கோயில் முன்னால் ஊரைக் கூட்டி வைத்துச் சொன்னார்: "பெருசு கெடக்கு. குஞ்சு தங்கல. வருசத்துக்கு வருசம் வலை சும்மா வருது. வாய்க்கால்ல என்னமோ வருதுன்னு எனக்குப் படுது." எல்லோரும் வைத்தியலிங்கத்தைப் பார்த்தார்கள்.

வைத்தியலிங்கம் சிரித்தார். "வாய்க்கால்ல என்ன வரும், தண்ணி வரும். தவிடு போடுதது யாருன்னு பாரும். எங்க மதினி கை. பிள்ள தங்காத கை. குஞ்சு மட்டும் தங்கிருமாக்கும்?"

அதை அவர் விளையாட்டாகச் சொன்னதாகத்தான் இன்றைக்கும் சொல்வார். கூட்டமும் சிரித்தது. சிரித்துக்கொண்டே எல்லோரும் அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். இருட்டுமுன்னே அது விளையாட்டாக இல்லாமல் போய்விட்டது. அந்த நேரம் பிரம்மநாயகி படித்துறையில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்தது. குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

சொர்ணாம்பாள் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. தவிட்டுக் கொட்டானைக் கவிழ்த்து மாட்டுக்கொட்டிலில் வைத்தாள். ஒரு வருசம் படித்துறை இறங்கவில்லை. மறு ஆனியில் குஞ்சுகள் செத்துக் கரையோரம் வெள்ளையாய் ஒதுங்கியபோது, அடுக்களையில் வந்து தங்கையின் முன்னால் உட்கார்ந்தாள்.

"நான் கை வைக்கலியேட்டி இந்த வருசம். இப்ப யாரு கையாம்?"

பிரம்மநாயகி அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்துகொண்டே இருந்தாள்.

அதற்குள் சொர்ணாம்பாளுக்கு வயிறு எதையும் ஏற்கவில்லை. பச்சையாய் வாந்தி எடுத்தாள். வைத்தியர் பித்தம் என்றார். காந்திமதிநாதன் ஒரு செம்பை இரண்டு செம்பாக்கினார். காலையில் ஒன்று, அந்தியில் ஒன்று.

போன வாரம் ஒரு மத்தியானம், பிரம்மநாயகி கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தபோது, சொர்ணாம்பாள் வாயைத் துடைக்கக்கூட விடாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் நீர்மாலைய ஆத்துலருந்து எடுக்கச் சொல்லு."

"சாவப் பேசாதக்கா."

"நான் என் சாவப் பேசல. எங் கையப் பேசுதேன். ஆத்துக்குப் போனா ஊரு கேக்கும்லா, கொளத்த விட்டுட்டு எதுக்கு ஆத்துக்குன்னு? கேக்கட்டும். உம் புருசன் பதில் சொல்லட்டும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். பட்டறைய மூடவும் வேணாம். கோமு நல்லா இருக்கட்டும். அந்த ஒரு பதிலு மட்டும் அவன் வாயால வரட்டும்."

"சரிக்கா."

"சரின்னு சொல்லிட்டுக் குடத்தத் தூக்கிட்டு வந்துராத."

பிரம்மநாயகி கஞ்சிக் கரண்டியைக் கீழே வைத்தாள். அன்றைக்குப் படித்துறையில் அவள் இருந்தது அக்காவுக்குத் தெரியாது என்றே நாலு வருசமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

"கையை எடுங்க," என்றாள் இப்போது புருசனிடம். "அத்தான்ட்ட கேப்போம். அவுக பொண்டாட்டி. அவுக சொல்லட்டும்."

"கேளு," என்று வைத்தியலிங்கம் சட்டென்று வழிவிட்டார். அவ்வளவு லேசாக அவர் வழிவிட்டதிலேயே அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

காந்திமதிநாதன் சொர்ணாம்பாளின் கால்மாட்டில் தூணோடு தூணாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் செம்பு. விடியக்காலையில் குளத்துக்குப் போய் மொண்டுகொண்டு வந்தவர், வாசல்படி ஏறும்போதே அழுகைச் சத்தம் கேட்டவர், அப்படியே வந்து உட்கார்ந்தவர். அந்தச் செம்பை அவர் கையிலிருந்து வாங்க யாராலும் முடியவில்லை. உள்ளே தண்ணீர் அசையாமல் இருந்தது.

"அத்தான்."

அவர் நிமிர்ந்தார். "வந்துட்டியா பிரம்மு? நான் இன்னைக்கு வெரசாத்தான் போனேன். கோழி கூப்புடுமுன்ன போனேன்."

"அத்தான், நீர்மால விசயமா..."

"நேத்து அந்தியில பாதியத் துப்பிட்டா. பாதிதான் உள்ள போச்சு. நான் வஞ்சேன். நல்ல மருந்தத் துப்புதியேட்டின்னு வஞ்சுபோட்டேன்." செம்பின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். "முழுசும் உள்ள போயிருந்தா பொழச்சிருப்பா. இல்லியா?"

பிரம்மநாயகி பின்னால் திரும்பினாள். புருசன் தூணுக்கு அந்தப் பக்கம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டாசலில் ஒப்பாரி அந்த நேரம் பார்த்து மூச்சு வாங்க நின்றிருந்தது. பெண்கள் எல்லோரும் இவள் முகத்தையே பார்த்தார்கள்.

"இல்லியா பிரம்மு?"

ஆற்றுக்குப் போகவேண்டும் என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். சொன்னால் ஊர் கேட்கும். புருசன் பதில் சொல்லவேண்டி வரும். அந்தப் பதில் பட்டறையோடு நிற்காது. நேரே வந்து இந்த மடியில், இந்தச் செம்பில் விழும். இத்தனை வருசம், காலையும் அந்தியுமாய்.

"ஆமா அத்தான்," என்றாள் பிரம்மநாயகி. "பொழச்சிருப்பா."

"கொளத்துத் தண்ணிலயே குளிப்பாட்டணும் அவள. தாமிரம் உள்ள தண்ணி. போற எடத்துலயாது ஒடம்பு தேறட்டும்."

"சரி அத்தான்."

வாசலில் சங்கு முழங்கியது.

நாலு பேர் நாலு மூலையைப் பிடிக்க, வெள்ளைத் துணி தலைக்குமேல் பந்தலாய் அசைந்து போயிற்று. அதன் நிழலில் குடத்தோடு பிரம்மநாயகி முன்னால் நடந்தாள். பின்னால் தெருப் பெண்கள். பூதலிங்கம் அவளை ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். குளத்துக்குப் பிரிகிற பாதை முக்கில் நடையைக் கொஞ்சம் தளர்த்தினான். அவள் குளத்துப் பாதையில் திரும்பினாள். அவனும் திரும்பினான்.

அந்தக் குளம் கரம்பைக் குளம்; அடியெல்லாம் கறுஞ்சேறு. பேருக்கு ஒரு பிடி மணல் கிடையாது; மணல் வேண்டுமென்றால் ஆற்றுக்குத்தான் போகவேண்டும். படியைத் தாண்டிக் கால் வைத்தால் கெண்டைக்கால் வரைக்கும் கறுப்பு மெழுகிவிடும். கல்லில் தேய்த்தாலும் நகக்கண்ணில் நிற்கும். 'கால் கழுவாத ஊர்க்காரன்' என்று சுற்றுப்பட்டில் கேலி செய்வதே அதற்காகத்தான்.

அவள் இறங்கி முங்கி எழுந்தாள். முங்கும்போது வாயை இறுக்கிக்கொண்டாள். நனைந்த தலையோடு குடத்தைச் சாய்த்தபோது, கோரை ஓரத்தில் ஒரு பெரிய விரால் நிற்பது தெரிந்தது. தாய் விரால். இருந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தது. அதன் மேலே சிவப்பாய் ஒன்றும் இல்லை. வெறும் தண்ணீருக்குக் காவல் இருந்தது.

மேல்படியில் பாக்கியவதி மூக்கைச் சிந்திக்கொண்டு பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். அடுத்த வீட்டுக்காரி. சொர்ணாம்பாளுக்குக் கடைசி நாட்களில் மோர் கொண்டுவந்து கொடுத்தவள். மனசில் ஒரு கல்மிசம் இல்லாமல்தான் சொன்னாள்.

"நல்ல ஆத்மா, பாவம். என்ன செய்ய, கைராசி அப்பிடி. இனியாது கொளத்துல குஞ்சு தங்கும்."

"தங்கும், தங்கும்," என்றாள் மற்றவள். "போறவ எல்லாத்தையும் கூட்டிட்டுப் போயிருவா."

பிரம்மநாயகி குடத்தோடு நிமிர்ந்தாள். வாயைத் திறந்தாள். நேரமாகிறது என்று பூதலிங்கம் சங்கை ஊதினான். அது ஊதி முடிகிறவரைக்கும் வாயைத் திறந்தபடியே நின்றாள். ஊதி முடிந்ததும், குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

கொல்லையில் ஓலை மறைத்துக் கட்டி, பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். மஞ்சள் பூசிய முகம் அக்காவுடையதாக இல்லை. எண்ணெயும் சீயக்காயும் வைத்து முடித்ததும் பிரம்மநாயகி தலையில் முதல் நீரை ஊற்றினாள். நீர் வடிந்தபோது வகிட்டோரம் நரைமுடியில் என்னமோ ஒட்டிக்கொண்டு நின்றது. பக்கத்தில் இருந்த கிழவி பூவிதழ் என்று நினைத்து விட்டுவிட்டாள். பிரம்மநாயகி குனிந்து, ஈர் எடுக்கிற மாதிரி இரண்டு நகத்தால் எடுத்தாள். நகத்தளவு குஞ்சு. முதுகு வளைந்திருந்தது. அசையவில்லை. அதை யாருக்கும் காட்டவில்லை. சேலை முந்தியில் முடிந்துகொண்டாள்.

மிச்ச நீரையும் ஊற்றினாள்.

பாடை தெரு திரும்பியதும் பெண்கள் கிணற்றடியில் தலை முழுகினார்கள். பட்டாசலைக் கழுவிவிட்டு, தலை வைத்திருந்த இடத்தில் விளக்கை ஏற்றினார்கள். இனி சுட்டுவிட்டு ஆண்கள் வரவேண்டும். வந்து விளக்கைப் பார்த்த பிறகுதான் யாரும் வாயில் நீர் வைக்கலாம்.

சுடுகாடு குளத்துக்கு வடகரையில். எரியூட்டிவிட்டு, கரையிறங்கி முங்கிவிட்டு, ஈரத்தோடு வந்தால் வெயில் தாழுமுன் வந்துவிடலாம். புகை எழுந்ததைப் பெண்கள் கொல்லையிலிருந்து பார்த்தார்கள். புகை தணிந்ததையும் பார்த்தார்கள்.

"என்ன இன்னும் காணல?" என்றாள் பாக்கியவதி. "பிள்ளையள் பசியில துடிக்குது."

"வருவாவ."

முதலில் இரண்டு பேர்தான் வந்தார்கள். காந்திமதிநாதன், அவருக்குக் கை கொடுத்துப் பூதலிங்கம். அவர் தலை மழித்திருந்தது. வேட்டி சொட்டியது. வாசல்கல்லில் கால் வைத்தபோது கெண்டைக்கால் வரைக்கும் கரம்பை. பிரம்மநாயகி செம்பில் இருந்த கிணற்றுத் தண்ணீரை அவர் காலில் ஊற்றினாள். கறுப்பு ஓடியது. ஊற்ற ஊற்றக் கறுப்பாகவே ஓடியது.

"அடி வரைக்கும் முங்கினேன் பிரம்மு. அவளுக்காவ மூணு முங்கு," என்று சொல்லிவிட்டு, விளக்கின் முன்னால் போய் உட்கார்ந்தார். மடியில் கை வைத்துக்கொண்டார். கை எதையோ பிடித்திருப்பது மாதிரியே இருந்தது.

"மத்தவுக எங்க பூதலிங்கம்?"

"பின்னால வருதாவ ஆச்சி." அவன் சங்குப் பையைத் தோள் மாற்றினான். "வருவாவ." அவள் முகத்தைப் பார்க்காமலே தெருவில் இறங்கி நடந்தான்.

பொழுது சாய்ந்தது. தெரு விளிம்பில் மாடுகள் திரும்பின. மாடுகளுக்குப் பின்னால்தான் அவர்கள் வந்தார்கள். வைத்தியலிங்கம் முன்னால், பட்டறை ஆட்களும் பங்காளிகளும் பின்னால். எல்லோர் தலையும் ஈரம். எல்லோருக்கும் நடந்த களைப்பு.

வைத்தியலிங்கம் வாசல்கல்லில் வலது காலை வைத்தார். பிரம்மநாயகி புதுச்செம்பு நிறையத் தண்ணீரோடு குனிந்தாள். கால் வெளுத்துச் சுத்தமாக இருந்தது. அவள் தண்ணீரை ஊற்றினாள். விரலிடுக்கிலிருந்தும் வேட்டிக் கரையிலிருந்தும் வெள்ளை வெளேரென்று பொடிமணல் கரைந்து கல்லில் இறங்கியது. உள்ளேயிருந்து வந்த விளக்கு வெளிச்சத்தில் அது மினுங்கியது. அவர் அடுத்த காலை வைத்தார். அதிலும் மணல். அவருக்குப் பின்னால் நின்றவர்கள் காலை இழுத்து வேட்டிக்குள் வைத்துக்கொண்டார்கள்.

அவள் குனிந்தபடியே இருந்தாள். ஒரு கை செம்பில் இருந்தது. இன்னொரு கை முந்தி முடிச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"ஏங்க," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "நம்ம கொளத்துல மணல் ஏது?"